பாதித் துப்பாக்கி

விடிந்தும் விடியாத நேரத்தில் என் மனைவி நிவேதினி தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, பாதித் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்னொருத்தனைப் பார்க்கப் புறப்படுவாள். வாசலில் நின்று, "போயிட்டு வரனுங்க மாமா, காபி அடுப்புல இருக்குது" என்பாள். நானும் "சரி கண்ணு" என்பேன். வேறென்னத்தைச் சொல்ல? சட்டம் அப்படி.

அவளிடம் இருப்பது குழல். தோட்டா அறையை மூடுகிற போல்ட்டும் விசையும் உள்ள உடல் நாலு தோட்டம் தள்ளி இருக்கும் தரணீஷிடம். உடல் இல்லாத குழல் அடுப்பூதத்தான் ஆகும். குழல் இல்லாத உடலை வைத்துக்கொண்டு கொசு கூட அடிக்க முடியாது. இரண்டும் சேர வேண்டுமென்றால் அவளும் அவனும் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும். பன்றி வருகிற பருவத்தில் தினமும்.

குண்டு வருஷங்கள் என்று எங்கள் அப்பா காலத்தில் ஒரு கெட்ட காலம் இருந்தது. வரப்புத் தகராறுக்கெல்லாம் துப்பாக்கி பேசியது. அது ஓய்ந்த பிறகு வந்ததுதான் பாதிச் சட்டம். முழுத் துப்பாக்கியை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. பாதி உனக்கு, பாதி இன்னொருவருக்கு. சுட வேண்டுமென்றால் இரண்டு பேரும் மனசு ஒத்துச் சேர்க்க வேண்டும். மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் நொச்சிப்பாளையத்துக்கு மூன்று ஜோடி அனுமதி. ஆளில்லாப் பறப்பிகளை விட்டுப் பன்றியை விரட்டிப் பார்த்தார்கள். அதுகளுக்குச் சத்தம் பழகிப் போய், பறப்பிக்குக் கீழேயே படுத்துக்கொண்டு மக்காச்சோளம் தின்றன.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஒரு நட்டு. பழைய துப்பாக்கிகளில் ஒரு உடலுக்கென்று கடைந்த குழல்தான் அதில் சேரும். மாற்ற வேண்டுமென்றால் கடைசல்காரனிடம் போக வேண்டும். குழலின் அடியில் மரையோடு ஒரு நட்டைப் போட்டுவிட்டால் போதும், எந்தக் குழலையும் எந்த உடலிலும் கைச்சாமான் வைத்தே அளவாகப் பூட்டிவிடலாம், கழற்றிவிடலாம். இதை எவனோ புத்திசாலி அரசாங்கத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவன் நாசமாய்ப் போக.

ஒருநாள் டிபன் பாக்ஸைச் சாக்கு வைத்து நானும் பின்னாலேயே போனேன். பால் சொசைட்டிக்குப் பக்கத்தில்தான் இணைப்பு மனை. உள்ளே ஒரு பட்டறை மேசை, சுவரோரம் மனமானி என்கிற ஆளுயரக் கம்பம், அதற்குப் பக்கத்தில் கூடத்து அதிகாரி மரகதம். தரணீஷ் முன்னாலேயே வந்து உடலை வைஸ் இடுக்கியில் கவ்வவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றான். எனக்கு முப்பாட்டன் பேரை வைத்தார்கள், சென்னியப்பன் என்று. அவனுக்குப் பாருங்கள், தரணீஷாம்.

"வாங்கண்ணா! பறையடிக்கற கைக்கு இன்னிக்கு லீவுங்களா?" என்று சிரித்தான். எனக்குத் துப்பாக்கியில் பாதி கிடையாது. பன்றி விரட்டத் தகரப் பறைதான் கொடுத்திருந்தார்கள். அதை வேண்டுமென்றே சொன்னான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஏனுங்க அம்மிணி, ஆரம்பிச்சுரலாங்களா?" என்றான். கட்டின பெண்டாட்டியை அம்மிணி என்று அத்தனை இழைவாகக் கூப்பிட எனக்கே வாய் வந்ததில்லை.

அந்த வேலையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தோட்டா அளவில் ஒரு எஃகுக் கட்டை உண்டு, அதற்குப் போகும் கட்டை என்று பேர். அதை உள்ளே வைத்துப் போல்ட்டை மூடி, அதில் போய் முட்டும்வரை குழலைக் கையால் திருக வேண்டும். அப்புறம் நட்டை இறுக்க வேண்டும். நட்டு இறுகும்போது குழலும் கூடவே சுற்றப் பார்க்கும் என்பதால், ஒருத்தர் குழலைப் பிடித்துக்கொள்ள மற்றவர் ஸ்பேனரைப் போட வேண்டும். இவள் பிடித்தாள், அவன் முறுக்கினான். இரண்டு தலைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம். அவன் ஏதோ முணுமுணுத்தான், இவள் சிரித்தாள்.

கடைசியில் போகாக் கட்டை. முதல் கட்டையைவிட மயிரிழை நீளம். அதை வைத்தால் போல்ட் மூடக் கூடாது. மூடிவிட்டால் பூட்டு தளர்ச்சி என்று அர்த்தம், வெடி சுடுகிறவர் முகத்தில் வெடிக்கும். நிவேதினி அதை வைத்துப் பார்த்தாள். மூடவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள். ஒரு தடவை போதாதா? எதற்காக நேரத்தைக் கடத்துகிறாள் என்று எனக்கா தெரியாது?

அன்றைக்குப் பால் பிடித்த சோளக்காட்டில் ஒரே வெடியில் கொம்பன் பன்றியைச் சாய்த்தாள். ஊரே இரண்டு பேர் தோளிலும் தட்டியது. "ஜோடின்னா இதுதான்டா ஜோடி!" என்று எவனோ கத்தினான். நான் பறையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மத்தியானம் அவளிடம் கேட்டேன். "அவன் அப்படி என்ன சொன்னான், நீ அத்தனை சிரிச்சே?"

"யாருங்க? தரணீஷா? கை வழுக்குது, நேத்துச் சாப்பிட்ட நெய் இன்னும் போகலைன்னாருங்க."

"இதுக்கா சிரிப்பு?"

"ஏன் மாமா, சிரிக்கறதுக்குக் கூட அனுமதி வாங்கோணுமா?" என்று என் தாடையைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போனாள். அவள் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

இங்கே மனமானியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஜோடியை மனிதர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நாங்கள் எல்லோரும் கையில் போட்டிருக்கிற வளையிலிருந்து அது மனசைப் படிக்கும். யார் யாரை எவ்வளவு நம்புகிறார்கள் என்று எண்ணாகச் சொல்லும். நம்பிக்கை குறைந்த இரண்டு பேரைப் பார்த்துத்தான் குழலையும் உடலையும் பிரித்துக் கொடுப்பார்கள். கூட்டாளிகள் கையில் இரண்டு பாதியும் இருந்தால் அது முழுத் துப்பாக்கிதானே? ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்க்கிறவர்கள் கையில்தான் ஆயுதம் பத்திரம் என்பது சட்டத்தின் எண்ணம். அதனாலேயே புருஷன் பெண்டாட்டிக்குக் கிடையாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் தனியாக உடலுக்கு மனுப் போட்டபோது, "இவர் ஊர்ல அத்தனை பேரையும் நம்பறாருங்க, யார் கேட்டாலும் தூக்கிக் குடுத்துருவாரு" என்று மரகதமே சிரித்துக்கொண்டு திருப்பி அனுப்பினாள்.

அப்படியென்றால் இந்த இரண்டு பேரும்? சிரிப்பென்ன, அம்மிணியென்ன! நம்பிக்கை வளர்ந்துவிட்டதென்றால் ஜோடியைப் பிரிப்பதுதானே நியாயம்? நான் கேட்டது சட்டம் கேட்பதைத்தான்.

சாயங்காலம் இணைப்பு மனைக்குப் போய் மரகதத்திடம் சொன்னேன். "அவங்க ரெண்டு பேரும் நெம்ப ஒட்டிக்கிட்டாங்க. பிரிச்சு உடுங்."

மரகதம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மிணிகிட்டப் பேசுனீங்களா?"

"பேசறதுக்கு என்னங்க இருக்குது? நெருப்பில்லாம பொகையுமா?"

"சென்னியப்பண்ணா, வேலில போற ஓணானை எடுத்து மடியில உட்டுக்காதீங்க. வீட்டாளே புகார் சொன்னா ஜோடியை நிறுத்தியே ஆகோணும். மறுபடியும் எல்லாரையும் அளக்கோணும். வேற ஆள் அமையலைன்னா அம்மிணி குழலை நாங்க எடுத்துக்குவோம். அது அவங்களுக்கு உசுருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வைத்திருக்கிற குழல். பிள்ளையைத் துடைக்கிற மாதிரி எண்ணெய்த் துணியால் துடைப்பாள். போனால் போகட்டுமே என்றுதான் அப்போது தோன்றியது. போனால் வீட்டில் இருப்பாள். "பதிஞ்சுக்குங்க" என்றேன்.

மறுநாள் காலையில் அவள் சீவி முடித்துப் புறப்படும்போது கைவளை துடித்தது. மரகதத்தின் குரல்தான். ஜோடி நிறுத்தப்பட்டிருக்கிறது, புகார் சொன்னவர் கணவர், இரண்டு பேரும் வர வேண்டும் என்றது. நிவேதினி தோளிலிருந்து குழலை இறக்கி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்களா சொன்னீங்க?"

"உன்ர நல்லதுக்குத்தான் கண்ணு. ஊர் நாலு விதமாப் பேசும்."

"ஊர் பேசுச்சா, நீங்க பேசுனீங்களா?"

அவள் அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?" என்றாள், அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். வழி நெடுக நான் பேசிக்கொண்டே போனேன். அவள் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை.

மனையில் தரணீஷ் உடலை மேசைமேல் வைத்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். மரகதம் எங்கள் மூன்று பேரையும் வரிசையாக மானியில் கை வைக்கச் சொன்னாள். பிறகு அதன் பின்பக்கத்துத் திரையைப் பார்த்து, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"முதல்ல உங்க புகாருங்கண்ணா. இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நம்பிக்கை எப்பவும் இருந்ததில்லை, இப்பவும் இல்லை. தரணீஷுக்கு அம்மிணி மேல பொறாமை. அவங்க சுடறாங்க, இவருக்குப் பேரு பாதிதான் கிடைக்குதுன்னு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றான் தரணீஷ், காது சிவக்க.

"அம்மிணிக்கு இவர் கைமேல நம்பிக்கை இல்லை. அதுதான் போகாக் கட்டையை ரெண்டு தடவை வெச்சுப் பாப்பாங்க. வெடிக்கறது அவங்க மூஞ்சியிலதானே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெரகம் விட்டது என்று வாய்விட்டே சிரித்தேன். "பாத்தியா கண்ணு, ஒண்ணுமே இல்லை! புகாரை வாபஸ் வாங்கிக்கறனுங்க" என்றேன். நிவேதினி சிரிக்கவில்லை.

"வாபஸ் வாங்க முடியாதுங்கண்ணா. நிறுத்துனது நிறுத்துனதுதான். தரணீஷோட உடல் இனி இன்னொருத்தருக்குப் போகோணும். அம்மிணி குழலுக்குப் பொருத்தமா ஊருக்குள்ள ஒருத்தரைத்தான் மானி காட்டுது." மரகதம் என்னைப் பார்த்தாள். "உங்களை."

"என்னையா? புருஷன் பெண்டாட்டிக்குத்தான் கிடையாதே?"

"அப்படி எந்தச் சட்டத்துலயும் இல்லீங்கண்ணா. நம்பறவங்களுக்குக் கிடையாதுன்னுதான் இருக்குது. இத்தனை காலத்துல இந்த ஊர்ல எந்தப் புருஷன் பெண்டாட்டியும் இந்த அளவுக்குக் கீழ வரலை. அதனால கிடையாதுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டீங்க."

"நான் என்ர பெண்டாட்டியை நம்பலைன்னு இந்தக் கம்பம் சொல்லுதா?" என்று கத்தினேன்.

"உங்க எண்ணு இந்தப் பருவம் பூராவும் இறங்கிக்கிட்டேதான் இருந்துச்சுங்கண்ணா. ஆனா ஒரு பக்கம் இறங்குனாப் பத்தாது, ரெண்டு பக்கமும் இறங்கோணும். அம்மிணி உங்க மேல வெச்சிருந்தது நேத்து ராத்திரி வரைக்கும் ஊரிலேயே உசந்த எண்ணு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்குக் காலைலதான் உழுந்துச்சு."

நான் நிவேதினியைப் பார்த்தேன். அவள் மேசைமேல் இருந்த உடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லேன், திட்டேன், அறைந்துவிடேன் என்று நினைத்தேன். "கண்ணு, இதெல்லாம் ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்றேன்.

அதை மரகதம்தான் பிடித்துக்கொண்டாள். "அம்மிணி, நல்லா யோசிச்சு ஒத்துக்குங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நம்பிக்கை மறுபடி வந்துருச்சுன்னா ஜோடி கலைஞ்சிரும். வேற ஆளும் இல்லை. குழலைத் திருப்பிக் குடுத்தறோணும்."

எனக்கு அந்த ஒரு நொடியில் உயிர் வந்தது. குழல் போனாலும் நம்பிக்கை வந்துவிடும், கொஞ்ச நாள் போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

நிவேதினி குழலை மார்போடு அணைத்துப் பிடித்தபடி, மற்றக் கையை மானியில் வைத்து ஒப்புதலை அழுத்தினாள்.

"அது வராதுங்க" என்றாள். "குழல் எங்கிட்டயே இருக்கட்டும்."