மூன்று படங்கள், மூன்று தூரங்கள்

அந்தி சாயும் வேளையில் அவள் மலையுச்சி ஆய்வுக்கூடத்தின் வாசலில் வந்து இறங்கினாள். தொலைநோக்கியை இயக்குபவர் கதவைத் திறந்தார். அண்ணனின் இதயம் நின்றுபோன அதே நாற்காலியில் அவள் அமர்ந்தாள். துக்கம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அண்ணன் ஆராய்ந்த காமாக் கதிர் வெடிப்பு, தொலைவானில் தோன்றிய ஒரு பேரொளி, சில நொடிகளில் அணைந்துவிட்டது. அது நிகழ்ந்த விண்மீன் மண்டலம் மட்டும் மங்கலாய் மிஞ்சியிருந்தது. அதன் ஒளியைப் பிரித்தால் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இரு கோடுகளாய் நிற்கும். அவை சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றனவோ, மண்டலம் அவ்வளவு தொலைவு. அந்தக் கோடுகளை அண்ணன் எடுத்த மூன்று படங்களிலும் மூன்று தூரங்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட அருகில்.

மண்டலம் ஒரே இரவில் நகருமா? கோடுகளின் இடத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் விளக்குப் படத்தை எடுக்க மறந்த அரைகுறை என்று அவனைச் சொன்னார்கள். பட்டம் பெற்றோர் சிரித்தார்கள்; பதவி பெற்றோர் சிரித்தார்கள்; அவன் உடல் எரிந்த அன்றும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அடக்கவே அவள் வந்தாள்.

“சாப்பாட்ட மறப்பாரு, விளக்க மறக்கமாட்டாரு மேடம்,” என்றார் இயக்குபவர்.

“அத ஏன் சார் யார்கிட்டயும் சொல்லல?”

“நான் பொத்தான் அமுக்குறவன். என் சொல்லு அம்பலம் ஏறுமா?”

ஒவ்வொரு படத்துக்கு முன்னும் பின்னும் தொலைநோக்கியின் மூடியை மூடி, உள்ளிருக்கும் நியான் விளக்கை ஏற்றி, அதன் கோடுகளைப் பதிவுசெய்தாள். குளிரூட்டியின் முனகல் ஒன்றே அறையில் ஒலித்தது. சூடேறிய தூசியின் வாடை மெல்ல எழுந்தது.

முதல் படம் வந்தது. அண்ணனின் கடைசித் தூரம் எங்கே முடிந்ததோ, அங்கிருந்தே தொடங்கியது.

இரண்டாவதில் இன்னும் அருகில்.

மூன்றாவதில் மிக அருகில்.

“கருவி கெட்டிருக்குமோ?” என்று கிசுகிசுத்தாள்.

“பக்கத்து விண்மீனப் பாருங்க. அதோட கோடு அசையவே இல்ல.” அவர் குரல் தாழ்ந்தது. “போதும் மேடம். உங்க அண்ணன் பேரு தப்பிச்சாச்சு. எழுந்திருங்க.”

“கடைசி விளக்குப் படம் பாக்கி இருக்கு சார். அது இல்லன்னா என்னையும் சிரிப்பாங்க.”

மூடி மூடிக்கொண்டது. வானத்தின் ஒரு துளி ஒளிக்கும் இனி வழியில்லை. விளக்கு எரிந்தது. நியான் கோடுகள் தத்தம் இடத்தில் வந்து நின்றன.

அவற்றினிடையே அழையாத இரண்டு.

ஆக்சிஜன். ஹைட்ரஜன். சிவப்புப் பக்கம் அணுவளவும் நகராமல்.

தூரம் சுழியம்.

“விளக்க அணைங்க சார்.”

“அணைச்சாச்சு மேடம்.”

அண்ணன் சரியாகவே அளந்திருந்தான். மூடியைத் திறக்காமலே அவள் இன்னொரு படம் எடுத்தாள்.

நியான் கோடுகள் மறைந்திருந்தன. அந்த இரண்டு மட்டும் நின்றன, முன்னிலும் பிரகாசமாய்.