கொழுந்து கிள்ளுபவள்

“உன்னைக் கண்டாலே இந்த நாத்துங்க ஏன்டி இப்படி நாறுது?” என்று நாத்தனார் ஒரு நாள் கேட்டாள். கேலிதான். நாற்றுப்பண்ணையே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

சாமந்தி நாற்றுகள் பக்கக் கிளை விடட்டும் என்று நுனிக் கொழுந்தைக் கிள்ளுவது அவள் வேலை. தூக்கத்தில்கூட விரல்கள் கிள்ளும். விற்பனைக்கு முன் நாற்று உரமேறட்டும் என்று தண்ணீரை நிறுத்துவதும் அவள்தான்.

பிறகுதான் கவனித்தாள். நாற்றுகள் வளரும் கண்ணாடிக் கூடத்தின் கதவைத் திறக்கும்போது ஈரமண் வாசனைதான் இருக்கும். உள்ளே கால் வைத்ததும், நகம் ஒரு கொழுந்தில்கூடப் படுமுன்பே, நறுக்கிய தழையின் பச்சை நெடி முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை, காதோடு காதாக யாரோ சொல்லி அனுப்புவதுபோல் பரவிப் போகும். நாத்தனார் நுழைந்தால் அப்படியில்லை. காய்ந்த நாற்றுத் தட்டுகளிலிருந்து ஒரு சத்தம் வேறு. விரல் நெட்டி முறிப்பதுபோல.

“அண்ணி, உங்களுக்குக் கேக்குதா?”

“நல்லா கேக்குது போ. இந்த லட்சணத்துல நீ பிள்ளை வளக்கப்போறியாக்கும்! பேசாம என்கிட்ட குடுத்துடு.”

பிள்ளையில்லாத நாத்தனார் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். இவளுக்கு அது கேலியாகப் படவில்லை. அதனாலேயே தன் கைக்குழந்தையை யாரிடமும் விடாமல், தட்டுகளுக்கு நடுவே ஒரு பழப்பெட்டியில் உட்காரவைத்து வேலை செய்தாள். நாற்றோடு நாற்றாக வளர்ந்தது குழந்தை.

அன்று சாயங்காலம் சத்தம் தாங்கவில்லை. நாத்தனார் திட்டினால் திட்டட்டும் என்று எல்லாத் தட்டுக்கும் தண்ணீர் விட்டாள். வரிசை வரிசையாக அடங்கியது. நெடியும் அடங்கியது. அப்பாடா.

டிக்.

பின்னால்.

பெட்டிக்குள்ளிருந்து.

குட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கை நீட்டினாள். குழந்தையின் உச்சந்தலையிலிருந்து பச்சை நெடி குப்பென்று எழுந்தது. பிஞ்சு விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே சுருண்டன. கழுத்து துவண்டது.

“கண்ணு, அம்மாடா.”

டிக். டிக். டிக்.

கதவருகே நின்றிருந்த நாத்தனார் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். கழுத்து நிமிர்ந்தது. விரல்கள் விரிந்தன. முகம், வெளிச்சத்துக்குத் திரும்புவதுபோல், மெல்ல நாத்தனார் பக்கம் திரும்பியது.

அப்போதுதான் தெரிந்தது. குழந்தையின் உச்சி முடிக்கு நடுவே, வெளிறிய பச்சையில், ஒரு கொழுந்து.

கிள்ளிக் கிள்ளிப் பழகிய அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஒன்றுசேர்ந்தன.

நாத்தனார் அந்த விரல்களைப் பார்த்தாள். குழந்தையின் உச்சியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பிள்ளையோடு வெளியே போனாள்.