மிசாகி பாட வேண்டிய வரிகள்

பியானோ மட்டும் ஒலிக்க வேண்டிய இடத்தில் யாரோ பாடினார்கள்.

ஜோதிமணி தரை துடைக்கும் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள். பாட்டு அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஏசி இரைச்சலுக்கு மேலே மோரி டீச்சரின் பியானோ. எதிரே பத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நாலு வரி அவர்கள் பாட வேண்டும், அடுத்த நாலு வரிக்குச் சும்மா நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தது. பத்து வாயும் மூடித்தான் இருந்தன. ஆனாலும் ஜலதோஷம் பிடித்த மாதிரி மூக்கடைத்த ஒரு சின்னக் குரல், அவசரப்படாமல், அந்த நாலு வரியையும் பாடி முடித்தது.

டீச்சர் நிமிரவில்லை. பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அது 1997 மார்ச். அபுதாபியில் ஒரு ஜப்பான் கம்பெனி தன் ஆட்களின் பிள்ளைகளுக்காக ஒரு வில்லாவில் நடத்திவந்த சின்னப் பள்ளிக்கூடம். ஜோதிமணி அங்கே ஆயா. காலையில் வேனில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவருவாள், இறக்கிவிடுவாள், பிறகு அறைகளைத் துடைப்பாள். அறந்தாங்கிப் பக்கத்துக்காரி. புருஷன் போன பிறகு மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

ஜப்பானில் மார்ச் வந்தால் பள்ளிக்கூடம் முடித்துப் போகிறவர்களைப் பாட்டுப் பாடித்தான் அனுப்புவார்களாம். டீச்சருக்கு நன்றி சொல்கிற பாட்டு, செர்ரிப் பூ உதிர்வதைச் சொல்கிற பாட்டு, சிறகு விரித்துப் போ என்கிற பாட்டு என்று ஏகப்பட்டது உண்டு. முதல் வரி காதில் விழுந்தாலே பெரியவர்களுக்கும் கண் கலங்கிவிடும் என்று மோரி டீச்சர் சொல்லியிருக்கிறார். இங்கே பாடுவது இரண்டு பங்காகப் பிரித்த ஒரு பாட்டு. இருக்கிறவர்கள் கேட்பார்கள்: பனி கரைந்துவிட்டது, வாசல் திறந்துவிட்டது, நீ போகிறாயா? போகிறவர்கள் பதில் சொல்வார்கள்: போகிறேன், அழாமல் போகிறேன், நீங்கள் பாடிக்கொண்டிருக்கும்வரை எனக்குத் தூரம் தெரியாது.

இந்த வருஷம் மழலை வகுப்பை முடித்துப் போக வேண்டியவள் ஒரே ஒருத்தி. மிசாகி. ஆறு வயது. அவள் போன ஜூன் மாதமே செத்துப்போனாள்.

விழா வேண்டும் என்று அவள் அம்மா கேட்டிருந்தார். ஒரு நாற்காலியில் போட்டோவை வைத்து, பிள்ளைகள் கேள்வி வரிகளைப் பாடுவார்கள். பதில் வரிகளுக்குப் பியானோ மட்டும்.

போன ஜூன் மாதம் நடந்தது இதுதான். மிசாகிக்கு லேசாகக் காய்ச்சல். வேனில் ஏறியதும் கடைசி சீட்டில் சுருண்டு தூங்கிவிட்டாள். ஜோதிமணி முன் சீட்டில் உட்கார்ந்து கடிதம் படித்துக்கொண்டிருந்தாள். மகள் முதல்முறையாகத் தன் கையால் எழுதிய கடிதம். 'அம்மா' என்பதிலேயே இரண்டு தப்பு. பள்ளி வந்தது. பிள்ளைகளை இறக்கினாள். சீட்டுகளைக் கடைசி வரை நடந்து பார்ப்பது அவள் வேலை. அன்றைக்குப் பார்க்கவில்லை. டிரைவர் வைரவன் வேனைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பூட்டினார். காய்ச்சலென்று பிள்ளை வரவில்லை போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். மத்தியானம் ஒரு மணிக்கு வைரவன்தான் கதவைத் திறந்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் அவர் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"தங்கச்சி, சீட்டெல்லாம் பாத்தியா?"

"பாத்தேண்ணே. பாப்பா இறங்கிருச்சு. மறுபடி எப்ப ஏறுச்சுன்னு தெரியல."

"நீ பாத்தேன்னு சொன்னா பாத்திருப்ப," என்றார் வைரவன். பூட்டுவதற்கு முன் தானும் பார்த்திருக்க வேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஜெயிலில் இருந்தார். பிறகு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பள்ளிக்குப் புது வேன் வந்தது. கேஸ் முடிந்து பழைய வேனைப் போலீஸ் திருப்பிக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. விலைக்கு வாங்க ஆள் வரும்வரை அது பின்பக்கத் தகரக் கொட்டகையில் நின்றது.

பாட்டு அறையில் குரல் கேட்ட மறுநாள், பதினொரு மணி வெயிலில் ஜோதிமணி அழுக்குத் தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் போனாள். தகரம் சூட்டில் படபடவென்று பொரிந்தது. வேனின் மூடிய கண்ணாடி இடுக்குகளிலிருந்து வெந்த ரெக்சின் வாசம் வந்தது. அதோடு காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாசம். பிள்ளைகள் அப்போது ஓவியம் வரைந்துகொண்டிருந்தார்கள், பாட்டு வகுப்பு கிடையாது. ஆனால் பாட்டு கேட்டது. பதில் வரிகள் நாலும். பிறகு அமைதி. காத்திருக்கிற அமைதி.

யாருக்காக என்று ஜோதிமணிக்குத் தெரியும். போன ஜூன் வரைக்கும் தினமும் மிசாகி அவளை வேனில் பக்கத்தில் உட்காரவைத்துக் கேள்வி வரிகளைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். "ஜோதி சான் ஃபர்ஸ்ட். மீ நெக்ஸ்ட்." பெயரோடு சான் சேர்ப்பது அவர்கள் மரியாதை. அடுத்த மார்ச்சில் தான் பாட வேண்டியதை இப்போதே பழகிக்கொள்கிறாளாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடுவாள்.

வாளி கையில் கனத்தது. அவள் அறியாமலே உதடு அசைந்தது. கேள்வி வரிகளைப் பாடிவிட்டாள்.

பதில் உடனே வந்தது. கண்ணாடிக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து.

அன்றிலிருந்து தொண்டை காய ஆரம்பித்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கில் ரெக்சின் ருசி. பேச வாயெடுத்தால் சூடான காற்றுதான் முதலில் வந்தது. ரூமில் கூடத் தங்கியிருந்த ஜலஜா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடுப்பு மாதிரி கொதிக்குதே, லீவு போட்டுப் படு," என்றாள். ஜோதிமணி போடவில்லை. விழா முடிந்ததும் மிசாகியின் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். சொன்னால் ஜெயில். அதுவே தேவலை.

விழா காலை பத்து மணிக்கு. மிசாகியின் அம்மா கறுப்புக் கிமோனோ உடுத்தி முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். புருஷன் ஜப்பானுக்குத் திரும்பிவிட்டாராம். இவர் போக மறுத்துவிட்டாராம். பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கேட்டாராம். நாற்காலியில் போட்டோ. மோரி டீச்சர் மிசாகியின் பெயரைக் கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அம்மாவின் தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது.

பிள்ளைகள் பாடினார்கள். பனி கரைந்துவிட்டது. வாசல் திறந்துவிட்டது. நீ போகிறாயா?

கடைசியில் கதவோரம் நின்ற ஜோதிமணிக்கு அழுகை முட்டியது. மூச்சு விட வாயைத் திறந்தாள்.

மிசாகியின் குரல் வந்தது.

அவள் வாயிலிருந்து. மூக்கடைத்த, சின்னக் குரல். போகிறேன். அழாமல் போகிறேன். வாயை மூடப் பார்த்தாள். மூட முடியவில்லை. இரண்டு கையாலும் பொத்தினாள். விரல் இடுக்கு வழியாக வந்தது. பியானோ நின்றது. பாட்டு நிற்கவில்லை. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது.

நாலாவது வரி முடிந்ததும் தொண்டை அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்குள் அம்மா எழுந்து அவளிடம் வந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. பசித்த முகம் அது.

"மேடம், நான் பாக்கல," என்றாள் ஜோதிமணி. தமிழ்தான் வந்தது. பிறகு தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஐ நாட் லுக் சீட். வைரவன் நோ மிஸ்டேக். ஐ லை."

அம்மா தலையாட்டினார். காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

"அகெய்ன்," என்றார். "பிளீஸ். அகெய்ன்."

ஜோதிமணி முயன்றாள். கரகரப்புதான் வந்தது. அம்மா அவள் தொண்டையில் விரல் வைத்து, எங்கே போய்விட்டது என்று தேடுகிறவர் மாதிரி மெல்லத் தடவினார். பிறகு ஏதோ புரிந்தவராக ஜன்னல் வழியே பழைய வேன் நின்ற தகரக் கொட்டகையைப் பார்த்தார்.

ஆபீஸ் சுவரிலிருந்து வேன் சாவியை அவரே எடுத்தார். ஜோதிமணியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மோரி டீச்சர் ஜப்பானிய மொழியில் கெஞ்சியபடி வாசல் வரை வந்தார், அதற்கு மேல் வரவில்லை. ஜோதிமணி கையை உதறியிருக்கலாம். உதறவில்லை. ஒரு அம்மா கேட்கிறாள். இதைக்கூடக் கொடுக்காவிட்டால் எப்படி.

வேனில் அவளே ஏறினாள். அவளே கடைசி சீட்டுக்குப் போனாள். ரெக்சின் தொடையைச் சுட்டது. கதவு சறுக்கி மூடிக்கொண்டது. சாவி திரும்பியது.

குரல் வந்துவிட்டது.

நாலு வரி. முடிந்தது. வெளியே அம்மா கண்ணாடியில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணீர் வடிய வடியச் சிரித்தார். ஒன்பது மாதமாகச் சிரிக்காத முகம். பிறகு கேள்வி வரிகளைத் தானே பாடினார். உள்ளே பதில்.

மறுபடியும் கேள்வி. மறுபடியும் பதில்.

வேர்வை கண்ணில் இறங்கியது. மூச்சு சுட்டது. போதும் மேடம். சொல்ல நினைத்தாள். வாய் பாடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்ட நினைத்தாள். கைகள் மடியில் கிடந்தன. அசையவில்லை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, நல்ல பிள்ளை உட்காருகிற மாதிரி.

கண்ணாடியில் ஆவி படிந்தது. அம்மா கிமோனோக் கையால் வெளிப்பக்கம் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஆவி உள்ளே இருந்தது. தெரியாமல் போன முகத்துக்கு நேராக உள்ளங்கையை வைத்து, குழந்தையைத் தூங்கவைக்கிறவர் மாதிரி கண்ணாடியைத் தட்டிக்கொடுத்தார். வெயில் ஏறியிருந்தது. அவர் முதல் வரியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.