எதிரில் ஒரு நாற்காலி

முழங்கை இடித்தது. அவள் பேனாவின் சிவப்பு மை கோடாக இழுத்துக்கொண்டு ஓடி, பக்கத்தில் இருந்தவனின் வரைபடத்தில் போய்த்தான் நின்றது.

"போச்சு... மூணு நாள் வேலை."

சொன்னவன் கத்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்தினால் திருப்பிக் கத்தலாமே.

"நீங்கதான் இடிச்சீங்க."

"நானா? நான் ஒழுங்கா வலது கையால எழுதிட்டிருக்கேன்..."

ஒழுங்கா! முப்பத்திரண்டு வருடமாக அவளைத் துரத்தி வருகிற சொல். ஒழுங்கா எழுது, ஒழுங்கா சாப்பிடு, ஒழுங்கா கையை நீட்டு.

"அப்போ இடது கையால எழுதுறது ஒழுங்கில்லையா?"

கட்டட அனுமதி தரும் அந்த அலுவலகத்தில், பொதுமக்கள் எழுதுவதற்கென்று இருந்தது ஒரே ஒரு மேசை. வெளியே பெய்த மழை ஊரையே உள்ளே தள்ளிவிட்டிருந்தது. அவன் அவளுடைய கையைப் பார்த்தான். பிறகு முகத்தை. பார்வையாலேயே நீளம் அகலம் குறித்துக்கொள்கிற கண்கள்... அதில் கோபம் துளியும் இல்லை. அவசரமில்லாமல் எழுந்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான்.

"இப்ப இடிக்காது."

அவள் கட்டம் போட்ட தாளில் தானே வரைந்து வந்த வீட்டின் மேல் குனிந்துகொண்டாள்.

"தலைகீழாப் பார்த்தே சொல்றேன். உங்க வீட்டுல வாசக்கதவைத் தவிர வேற கதவே இல்ல."

"வேண்டாம். நான் ஒருத்திதான் இருக்கப் போறேன். யாருக்காகக் கதவைச் சாத்தணும்?"

"குளியலறைக்குமா?"

அவள் முகம் சூடானது. பாடப்புத்தகங்கள் அச்சிடும் இடத்தில் பிழை திருத்துகிறவள் அவள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுகிற கண்ணுக்கு, ஒரு கதவு விட்டுப்போயிருக்கிறது!

அதற்குள் குமாஸ்தா அவள் தாளை வாங்கிப் பார்த்து, அப்படியே திருப்பித் தந்தார். "ஆர்க்கிடெக்ட் கையெழுத்து இல்லாம இதையெல்லாம் வாங்க முடியாதும்மா."

"நான் ஆர்க்கிடெக்ட்தான்," என்றான் எதிரில் இருந்தவன்.

"நான் கேக்கலையே."

சொல்லிவிட்டு மழையோடு மழையாக வெளியேறினாள். ஆனால் அவன் மேசை மேல் நகர்த்தி வைத்த முகவரி அட்டையை விட்டுவிட்டு வரவில்லை. அதை மூன்று வாரம் பையிலேயே வைத்திருந்து, நான்காவது வாரம்தான் போன் செய்தாள்.

அந்த மூன்று வாரமும் வீட்டில் சண்டை. மனை, அப்பா அவள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது. அதில் என்ன கட்டுவது என்பதில் மட்டும் அண்ணனுக்குத் தனி யோசனை இருந்தது. மூன்று படுக்கையறை, முன்னால் பெரிய கூடம். அவள் கேட்டதோ ஒரு படுக்கையறை, ஒரு நீள மேசை, சுற்றிலும் புத்தகம், யாரும் கூப்பிடாத அமைதி.

"ஒத்தை ரூம் வச்சு வீடு கட்டிட்டு உக்காந்தா உன்னை யார் கட்டிப்பாங்க பாப்பா?" என்றான் அண்ணன். அவளுக்கு அறுபது வயதானாலும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

"யாரும் கட்ட வேண்டாம்ணா. நான்தான் கட்டுறேனே."

*

வெட்டவெளியான மனையில் அந்த ஆர்க்கிடெக்ட் சுண்ணாம்புப் பொடியால் அவள் வீட்டை முழு அளவில் கோடு போட்டு வைத்திருந்தான். இடுப்பில் எப்போதும் அளக்கும் டேப். மேஸ்திரியிலிருந்து மண் சுமப்பவர்கள் வரை எல்லோருக்கும் அவன் டேப்பு சார்தான்.

"உள்ள வாங்க. நடந்து பாருங்க. காப்பி போடுங்க, விளக்கைப் போடுங்க... வீட்டுல என்னென்ன செய்வீங்களோ எல்லாம்."

"பைத்தியம் மாதிரி இருக்கும்."

"வரைபடத்துல எல்லா வீடும் அழகாத்தான் இருக்கும். நடந்தாத்தான் இடிக்கும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் இல்லாத கதவைத் திறந்தாள். இல்லாத அடுப்பைப் பற்றவைத்தாள். மேஸ்திரி வெற்றிலைச் சிவப்பு வாயை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவனோ பின்னாலேயே வந்து, ஒவ்வொரு இடத்திலும் குனிந்து எதையோ அழித்தான், எதையோ போட்டான். கடைசியாக மேசை இருக்க வேண்டிய இடத்தில் அவள் ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, காற்றில் எழுதிக் காட்டினாள்.

அவன் வெகுநேரம் பேசாமல் நின்றான். அவளும் பேசவில்லை. அவளுக்கு மௌனம் பிடிக்கும். ஆனால் இன்னொருவர் மௌனத்தில் தானும் உட்கார்ந்திருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது...

"மேஸ்திரி, ஜன்னலை இந்தப் பக்கம் மாத்தணும்."

"என்ன சார், எழுதுறவங்களுக்கு வெளிச்சம் இடப்பக்கமில்ல வரணும்? பள்ளிக்கூடத்துல எல்லாம் அப்படித்தானே?"

"அது வலது கைக்காரங்களுக்கு. இவங்களுக்கு அப்படி வச்சா, இவங்க கை நிழல் இவங்க எழுத்து மேலயே விழும். வெளிச்சம் வலப்பக்கம் வரணும். சுவிட்ச் எல்லாம் இந்தக் கைப்பக்கம். கதவும் இந்தக் கைக்குத் திறக்கணும்."

அவள் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டாள். சின்ன வயதில் பள்ளியில் அடி வாங்கிய கை. உறவுக்காரர் வீடுகளில் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்ட கை. இப்போது அதற்காக ஒரு ஜன்னல் இடம் மாறுகிறது.

*

சுவர்கள் எழுந்தன. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வருவாள். எதிலாவது சண்டை இருக்கும்.

"இந்தப் படி ரெண்டு விரல் உசரம் அதிகம்."

"எப்படித் தெரியும்? டேப் என்கிட்டல்ல இருக்கு?"

"பிழை கண்டுபிடிக்க டேப் வேண்டாம்... கண் போதும்."

அளந்து பார்த்தால் இரண்டு விரல் அதிகமாகத்தான் இருக்கும். அவன் சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொள்வான். அந்தச் சிரிப்புக்காகவே அவள் பிழை தேட ஆரம்பித்ததை மேஸ்திரி மட்டும் கண்டுபிடித்திருந்தார். "சார், வீட்டை வேகமா முடிச்சிடாதீங்க, மேடத்துக்குப் பொழுது போகாது" என்பார்.

திடீரென்று ஒரு வாரம் அவன் வரவில்லை. போனில் கேட்டதற்கு, "வேற இடத்துல வேலை, மேடம்" என்றான். மேடமா? சண்டையில்கூட அவன் அப்படிக் கூப்பிட்டதில்லையே...

சனிக்கிழமை தூறலில் மனைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மேசைப் பக்கத்து ஜன்னல் திறப்பு நான்கு வரிச் செங்கல்லால் அடைபட்டிருந்தது. அதற்கு வெளியே புதிதாக அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டியிருந்தார்கள்.

"என்ன மேஸ்திரி இது?"

"புது பிளான்ல அப்படித்தான் மேடம் இருக்கு. ஜன்னலை அடைச்சிட்டு, அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு ரூம். சார் கையெழுத்துப் போட்டிருக்காரே..."

மேஸ்திரி நீட்டிய தாளில் இருந்த கையெழுத்து உண்மையிலேயே அவனுடையதுதான்.

குடையோடு அண்ணன் வந்தான். "நான்தான் சொன்னேன் பாப்பா. அடுத்த மாசம் உன்னைப் பார்க்க வர்றாங்க. தெரிஞ்ச இடம், ஏறக்குறைய முடிஞ்ச மாதிரிதான். நாளைக்குக் குடும்பம்னு ஆனா இந்த ஒத்தை ரூம் பத்துமா?"

அவள் குடையைக் கீழே போட்டாள். ஜன்னலருகே போய் மேல் வரியில் ஒரு செங்கல்லைப் பிடித்து இழுத்தாள். கலவை இன்னும் இறுகவில்லை. கல் கையோடு வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

"பாப்பா! கையில காயமாயிடும்!"

"ஆகட்டும்."

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அவன் இறங்கி ஓடி வந்தான். சேறும் சிமெண்டுமாக நின்றவளைப் பார்த்து அப்படியே நின்றான்.

"என்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் அவள். சத்தம் உயரவில்லை.

அவன் கண் பாதி பிரிந்த ஜன்னலுக்குப் போனது.

"கேட்டீங்களான்னு கேக்குறேன்."

"உங்க அண்ணன் சொன்னார்... கல்யாணம் முடிவாயிடுச்சு, உங்களுக்கு அதைச் சொல்லக் கூச்சமா இருக்குன்னு..."

"எனக்கு? கூச்சம்?"

மேஸ்திரிக்குச் சிரிப்பு பீறிட்டது. இருமி மறைத்தார்.

அவள் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷமா எல்லாரும் என் கையைத்தான் திருத்தினாங்க. நீங்க ஒருத்தர்தான் கையை விட்டுட்டு வீட்டைத் திருத்துனீங்க. உங்களுக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா? நாளையிலேருந்து வராதீங்க."

அவன் திரும்பி மழைக்குள் ஸ்கூட்டரை நோக்கி நடந்தான்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, வர்றவங்களை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும். என்னைக்காவது இந்த வீட்டுக்கு ஒருத்தர் வந்தா, அவர் எங்க உக்காரணும்னு நான் சொல்றேன். இந்தக் கடைக்காலை இன்னைக்கே மூடச் சொல்லுங்க."

அண்ணன் அவளை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். கொஞ்ச நேரம் குடையைச் சுழற்றினான். கடைசியில், "மூடுங்க மேஸ்திரி" என்று முணுமுணுத்துவிட்டு, அவள் குடையை எடுத்து அவள் கையில்... இடது கையில்... கொடுத்துவிட்டுப் போனான்.

*

ஒன்பது நாள். சண்டை போட ஆள் இல்லாத வீட்டில் சுவர் மட்டும் வளர்ந்தது. என் கோபம் சரியான கோபம்தான் என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிக்கொண்டாள். சரியானதை இத்தனை தடவையா சொல்லிக்கொள்வார்கள்?

பத்தாம் நாள், அவன் முதன்முதலில் வரைந்த பழைய தாளைச் செங்கல் அடுக்கின் மேல் விரித்தாள். ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்து: 'மேசை. காலை ஒன்பது மணி வெயில். வலப்பக்கம்.' அதற்குப் பக்கத்தில், மேசைக்கு எதிர்ப்புறம், எதையோ போட்டு அழித்த தடம். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். பென்சில் அழுந்திய பள்ளம் தெரிந்தது. சின்னதாக ஒரு சதுரம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அவள் விரலால் அந்தச் சதுரத்தை ஒருமுறை சுற்றி வரைந்தாள்.

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தாள். பிழை திருத்துகிறவர்கள் ஒரு சொல் விட்டுப்போன இடத்தில் கூரைபோல ஒரு குறி போடுவார்கள். அந்தச் சதுரம் அழிந்த இடத்தில் அதைப் போட்டாள். ஓரத்தில் எழுதினாள்: 'இங்கே ஒன்று விட்டுப்போயிருக்கிறது.' தாளை மடித்து மேஸ்திரியிடம் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கதவு பொருத்தாத வாசலில் அவன் நின்றான். கையில் அந்தத் தாள். கண்ணில் தூக்கமில்லை.

"முதல்ல நான் ஒண்ணு சொல்லிடணும்," என்றான். "அன்னைக்கு உங்ககிட்ட கேட்டிருக்கணும். கேக்காதது தப்பு. கல்யாணம் உண்மையான்னு கேட்டு, நீங்க 'ஆமா'ன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். அந்த பயத்துல கையெழுத்துப் போட்டேன். உங்க வீட்டுல என் பயத்தைக் கட்டிட்டேன்."

"ம்."

"மன்னிச்சிட்டீங்களா?"

"அந்தத் தாளைப் படிச்சீங்களா இல்லையா?"

"படிச்சேன்... என்ன விட்டுப்போச்சு?"

"நாற்காலி."

அவன் விழித்தான். "நான்தான் அதை அழிச்சிட்டேனே..."

"அழிச்சதைப் படிக்கிறதுதான் என் வேலை." அவள் ஜன்னலைக் காட்டினாள். "எனக்கு இன்னொரு ரூம் வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம். ஆனா மேசையைச் சுவர்லேருந்து தள்ளிப் போடணும். எனக்கு வலப்பக்கம் வர்ற வெளிச்சம், எதிர்ல உக்காந்து வலது கையால எழுதுறவங்களுக்கு இடப்பக்கம் வரும். ரெண்டு பேர் கை நிழலும் எழுத்து மேல விழாது. இது தெரிஞ்சேதானே அந்தச் சதுரத்தைப் போட்டீங்க?"

அவன் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தான். இழுக்க இழுக்க அது இரண்டு முறை சுருண்டு உள்ளே போய்விட்டது.

"எவ்வளவு தள்ளிப் போடணும்?"

"உக்காந்து பாருங்க. நடந்தாத்தானே இடிக்கும்னு சொன்னீங்க... உக்காந்தாலும் தெரியும்."

அன்றைக்கு அவள் ஜன்னலிலிருந்து பிடுங்கிப்போட்ட செங்கற்கள் மூலையில் கிடந்தன. அவனே அவற்றை அடுக்கி இருக்கையாக்கினான். குறுக்கே ஒரு பலகை, அதுதான் மேசை. எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். மழை விட்ட வெயில் ஜன்னல் வழியே நுழைந்து பலகையில் நீளமாகப் படுத்தது.

"எனக்கு உங்களை..." என்று ஆரம்பித்தவன் டேப்பை ஒருமுறை இழுத்து விட்டான்.

"எழுதிக் கொடுங்க," என்றாள் அவள். "பிழை இருந்தா திருத்தணும்."

அவன் பென்சிலை எடுத்து, வரைபடத்தின் ஓரத்தில், குழந்தைபோல மெதுவாக எழுதினான். அவள் அதைத் தலைகீழாகவே படித்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றே வார்த்தையைப் படிக்க இத்தனை நேரமா என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"என்ன... பிழையா?"

அவள் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். இடது கையால், அவன் எழுத்தின் கீழே, சரி என்று பெரிதாக ஒரு குறி போட்டாள்.

முழங்கை இடிக்கவில்லை. பலகைக்கு அடியில் முழங்கால் இடித்தது. இரண்டு பேரும் நகரவில்லை.