வெளிநாட்டு சாமிக்கு மூன்று சுற்று

மைசூரில் அந்தக் கட்டடத்தைப் பார்க்கிற யாரும் அதைக் கோயில் என்றுதான் நினைப்பார்கள். அகலமான படிகள், நான்கு பக்கமும் தடித்தடியான வெள்ளைத் தூண்கள். கிரேக்க நாட்டில் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன் இருந்த ஒரு கோயிலைப் போலவே சிமென்ட்டில் கட்டியது. ஆனால் உள்ளே பூசாரியும் இல்லை, மணியும் இல்லை. சிலைகளின் நகல்களும் கண்ணாடிப் பெட்டிகளும்தான். அது ஒரு அருங்காட்சியகம்.

வருகிறவர்களில் பாதிப் பேர் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். காவலாளி லிங்கப்பன், “செருப்போடயே போங்க” என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

மனிஷாவின் அம்மா லீலா உள்ளே டிக்கெட் கொடுக்கிறார். கோடை விடுமுறையில் மனிஷாவும் அம்மாவோடு வந்துவிடுவாள். அவள் தோழி வைஷாலியும் வருவாள். செருப்பைக் கழற்றுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் இருவருக்கும் பொழுதுபோக்கு.

அன்று மதியம் லிங்கப்பன் சாப்பிடப் போயிருந்தார். கௌதள்ளி என்ற கிராமத்திலிருந்து, தமிழ் பேசும் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். சென்னப்பன், ரங்கம்மா.

“கண்ணு, செருப்ப இங்க உடலாமா?” என்று ரங்கம்மா கேட்டார்.

மனிஷா வைஷாலியைப் பார்த்தாள். வைஷாலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“விடுங்க ஆன்டி. மூணு சுத்து சுத்திட்டுத்தான் உள்ள போகணும்.”

“என்ன சாமிங்க அது?” என்றார் சென்னப்பன்.

“வெளிநாட்டு சாமி, அங்கிள். பவர் ஜாஸ்தி.”

கட்டடத்தைச் சுற்றிலும் தரையில் கறுப்புக் கல் பதித்திருந்தது. வெயில் அதைத் தோசைக்கல் ஆக்கியிருந்தது. சென்னப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்துப் போனார். தோழிகள் இருவரும் தூணுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ரங்கம்மா குதிக்கவில்லை. கைகளைக் கூப்பியபடி நிதானமாக நடந்தார். இரண்டாவது சுற்றில் அவர் தூணுக்குப் பக்கத்தில் வந்தபோது, முணுமுணுப்பது கேட்டது.

“தாயும் புள்ளையும் நல்லபடியா இருக்கோணும் சாமி.”

மனிஷாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ரங்கம்மாவின் பாதங்களைப் பார்த்தாள். ஓரமெல்லாம் செக்கச்செவேலென்று இருந்தது. அவள் வேகமாக இறங்கிப் போனாள்.

“ஆன்டி, ரெண்டு சுத்து போதும்.”

“மூணுன்னு சொன்னியே?”

“வெயில் ஜாஸ்தின்னா ரெண்டு போதும் ஆன்டி.”

“வெயிலுக்குப் பயந்து சாமிய ஏமாத்தறதா? எம் பொண்ண இங்க ஆசுபத்திரியில சேத்திருக்குது. இன்னிக்கோ நாளைக்கோ பெத்துருவாள்னு டாக்டர் சொன்னாரு. அவளுக்குத்தான் சுத்தறேன்.” ரங்கம்மா பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து மனிஷாவின் கையில் வைத்தார். “இந்தா சாப்பிடு. நீ சொல்லாட்டி எங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சே இருக்காது.”

அந்தப் பழத்தை எங்காவது எறிந்துவிட்டு ஓடிவிடலாமா என்று மனிஷாவுக்கு இருந்தது. முகம், காது, கழுத்தெல்லாம் எரிந்தது.

“ஹேளபேட கணே,” என்று வைஷாலி பின்னாலிருந்து கன்னடத்தில் கிசுகிசுத்தாள். சொல்லாதே என்று அர்த்தம்.

ரங்கம்மா மூன்றாவது சுற்றுக்குக் காலை எடுத்து வைத்தார். மனிஷா ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றாள்.

“இது கோயில் இல்ல ஆன்டி. மியூசியம். சுத்தவே வேண்டாம். நான்தான் பொய் சொன்னேன்.”

“ஏன்?”

“சும்மா. சிரிக்கிறதுக்கு.”

ரங்கம்மா அவளையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

“நான் அப்பவே நெனச்சேன்,” என்றார் சென்னப்பன். “கோயில்னா ஒரு தேங்காய்க்கடை கூடவா இருக்காது?”

“நெனச்சவரு வாயத் தொறந்து சொல்லியிருக்கறது,” என்றார் ரங்கம்மா. பிறகு மனிஷாவிடம் கையை நீட்டினார். “பழத்தைக் குடு.”

மனிஷா கொடுத்தாள். ரங்கம்மா அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, நிழலில் போய் உட்கார்ந்தார்.

வைஷாலி எப்போதோ வீட்டுக்கு ஓடிப்போயிருந்தாள். மனிஷாவுக்கும் ஓட ஆசைதான். ஆனால் தோட்டக் குழாயைத் திறந்து, சுடுதண்ணீர் போய்க் குளிர்ந்த தண்ணீர் வரும்வரை நின்று, ஒரு வாளி பிடித்துக்கொண்டு வந்தாள். ரங்கம்மாவும் சென்னப்பனும் மாறி மாறி அதில் கால்களை வைத்துக்கொண்டார்கள். வெயிலில் கிடந்த செருப்புகளைத் தொட்டுப் பார்த்தாள். அவையும் கொதித்தன. அவற்றையும் நனைத்து, நிழலில் வைத்தாள்.

பிறகு உள்ளே போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லீலா அடிக்கவில்லை. எழுந்து வெளியே வந்து, அந்த இருவருக்கு முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு, “மன்னிச்சுக்கங்க, நான் வளத்தது சரியில்ல” என்றார்.

மனிஷா தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் செய்ததற்கு அம்மா கைகூப்புகிறார்.

“உங்கள ஏன்மா சொல்லணும்? தப்பு அவளோடது,” என்றார் ரங்கம்மா. “அவளே வந்து சொல்லிப்போட்டா. உடுங்க.”

சென்னப்பன் செருப்பை மாட்டிக்கொண்டார். “வந்தது வந்துட்டோம். உள்ள என்னதான் இருக்குதுன்னு அந்தப் புள்ளையே கூட்டிட்டுப் போய்க் காட்டட்டும்.”

மனிஷா காட்டினாள். கை உடைந்த வீரன், மூக்கு இல்லாத ராஜா, கையில் ஈட்டியோடு ஒரு பெண். ரங்கம்மா அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றார்.

“இது யாரு?”

“அதீனா. அவங்க ஊர் சாமி. ரொம்ப அறிவாளின்னு போட்டிருக்கு ஆன்டி.”

“பேத்தி பொறந்தா வைக்க நல்ல பேரா தேடிட்டு இருக்கறோம். இது நம்ம ஊருக்குச் சரிப்படாது. உம் பேரு என்ன?”

“மனிஷா,” என்றாள், பாதிக் குரலில்.

ரங்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“அதுவும் வேண்டாம்,” என்றார்.

சென்னப்பன் சிரித்துவிட்டார். ரங்கம்மா சிரிக்கவில்லை. ஆனால் வெளியே வந்து படியிறங்கும்போது, கால் வலிக்கிறது என்று மனிஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.