மூச்சு விட்ட கோட்டு

அந்தக் கோட்டு மூச்சு விட்டது.

சத்தியமாக! நடைவழியில் வெள்ளைக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. மற்றதெல்லாம் சும்மா இருக்க, கடைசிக் கோட்டு மட்டும் மெல்ல உப்பியது. பிறகு அடங்கியது. மறுபடி உப்பியது.

மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடவே இல்லை.

"அக்கா, அந்தக் கோட்டுக்குள்ள யாரு?" என்றான் தம்பி. வீட்டில் அவனை வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

"யாரும் இல்ல. பேசாம உட்காரு."

எங்கள் அம்மா விலங்கு மருத்துவர். விலங்குகளிடமிருந்து மனிதர்களுக்கு நோய் எப்படித் தொற்றுகிறது என்று இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார். பள்ளி விட்டதும் நாங்கள் இங்கே வந்து காத்திருப்போம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முகமூடியும் கையுறையுமாக அம்மா இருப்பார். கூப்பிட்டால் கேட்காது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சன்னலுக்கு வெளியே ஒரு கறுப்பு நிழல் கடந்தது. போனது, திரும்பி வந்தது. கோட்டுக்குள்ளிருந்து 'கிச்... கிச்...' என்று சத்தம் கேட்டது.

"அக்கா, அது அழுவுது!"

நான் தடுப்பதற்குள் வாலு ஓடிப்போய்க் கோட்டை இழுத்துவிட்டான். அதன் அடியில், வாய் கட்டிய சின்னத் துணிப்பை ஒன்று தொங்கியது. பைதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது!

அவன் முடிச்சை அவிழ்க்கக் கையை நீட்டினான். நான் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"தொடாதடா! அம்மா வௌவாலை இப்படித்தான் பையில வைப்பாங்க. கடிச்சா நோய் வரும்."

"அப்ப அது செத்துப்போயிடுமே!" அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

கண்ணாடியைத் தட்டினேன். 'இதோ வரேன்' என்று கை காட்டிவிட்டு அம்மா குனிந்துகொண்டார். விடாமல் தட்டினேன். வௌவால் மாதிரி கைகளை விரித்துப் படபடவென்று அடித்தேன். அம்மா சிரித்தார். சிரிக்கிற நேரமா இது!

வாலு தரையில் படுத்து, கால்களைச் சுவரில் தூக்கி, தலைகீழாக வாயைப் பிளந்தான். நான் பையைக் காட்டினேன்.

அம்மாவின் சிரிப்பு நின்றுபோனது.

கை கழுவி, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு அம்மா வெளியே வந்தார். பின்னாலேயே ஆராய்ச்சி மாணவர் அண்ணனும் ஓடிவந்தார்.

"ஐயோ, குட்டி! தாய்க்கு ரத்தம் எடுக்கும்போது தனிப் பையில போட்டேன் மேடம். தாயை மட்டும் மரத்துல விட்டுட்டேன். குட்டி இருக்கிறதையே மறந்து மேல கோட்டை மாட்டியிருக்கேன்!"

"பையைத் தொட்டீங்களா?" என்று அம்மா பதறினார்.

"இல்லம்மா. இவன் கோட்டை மட்டும் இழுத்தான்."

"முதல்ல ரெண்டு பேரும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க."

கழுவிவிட்டு, மூடிய சன்னல் வழியாகப் பார்த்தோம். அம்மா மரத்தடியில் பையை அவிழ்த்து, குட்டியைக் கிளையில் தொற்றவிட்டுத் தள்ளி நின்றார். அந்தக் கறுப்பு நிழல் வேகமாக இறங்கியது. அது குட்டியின் அம்மா! குட்டி அதன் வயிற்றைக் கட்டிக்கொள்ள, இரண்டும் ஒன்றாகப் பறந்தன.

"பாவம், இவ்வளவு நேரமா தேடியிருக்கு" என்றேன்.

கையெல்லாம் கழுவிவிட்டு அம்மா வந்தார். "வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

வாலு ஒரே தாவலில் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"இறங்குடா, கனக்குது!"

"கிச், கிச்" என்றான் அவன். அம்மா அவனை இறக்கவே இல்லை.