கைலி வாசனை

மூன்று பூனைகளும் ஒரே தட்டில் சாப்பிட்டன. உறுமல் இல்லை, பிறாண்டல் இல்லை. நெத்திலிச் சோறு தீர்ந்ததும் ஒன்றின் முகத்தை ஒன்று நக்கிவிட்டன. அடுப்படியில் நின்று பார்த்த சுலைஹாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணவர் சீனி முகம்மது மவுத்தாகி நாற்பது நாளாக அவளுக்கு எதுவுமே வரவில்லை.

நேற்றுவரை அடேயப்பா, என்ன சண்டை! கணவனை இழந்து இத்தா இருப்பவள் நான்கு மாதம் பத்து நாள் டத்தோ கிராமாட்டின் இந்தப் பலகை வீட்டை விட்டு வெளியேறக் கூடாது. துணைக்கு இந்த மூன்றும்தான்.

"இனி ஒரு சத்தம் கேட்டிச்சு, சாக்குல கட்டி ஜெலுத்தோங் பாசார்ல விட்டுருவேன் லா," என்று அவ்வப்போது வந்துபோகும் கணவரின் அக்காள் ஹாஜரா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

"வேணாம் லாத்தா. இதுகளும் போயிட்டா நான் யாரோட இருக்கிறது?"

ஒரே துணியால் துடைத்துவிட்டால் ஒரே வாசனை வரும், ஒரே குடும்பமாகிவிடும் என்று பக்கத்து வீட்டுக் காமாரியா சொல்லியிருந்தாள். அந்த வாசனை இல்லாத எதையும் பிறகு அவை அண்டவிடாது என்றும் சொல்லியிருந்தாள். கொடியில் அவருடைய கைலி துவைக்காமல் தொங்கியது. சுருட்டும் அத்தரும் அவர் வேலை பார்த்த தொங்கான் சரக்குப் படகின் உப்பும் கலந்த வாசனை. அதைக்கொண்டே இன்று காலை கருப்பனையும் செவலையையும் முறுக்குவாலையும் தேய்த்துவிட்டிருந்தாள்.

அந்தி மஃரிப் பாங்கு ஓய்ந்து, தகரக் கூரையில் முதல் தூறல் தட்டி, மண்ணெண்ணெய் வாடையோடு விளக்கு புகைந்து எரியத் தொடங்கிய அந்த நேரத்தில்தான் பூனைகள் வாலை உயர்த்திக்கொண்டு தாழிட்ட வாசலுக்கு ஓடின. அவர் வேலை முடிந்து வரும் நேரம். ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றிச் சுற்றி உரசின. உரசிக்கொண்டே கட்டில்வரை வந்தன.

கட்டில் கிறீச்சிட்டது. மெத்தையில் அவர் பக்கம் பள்ளம் விழுந்தது. சுருட்டு வாசனை. ஈரமண் வாசனை.

"கருப்பா... இங்க வா," என்று சுலைஹா அழைத்தாள்.

கருப்பன் சீறியது. அவளைப் பார்த்து. செவலையும் சீறியது. முறுக்குவால் காதை மடக்கிப் பல்லைக் காட்டியது. மூன்றும் தோளோடு தோள்.

வாசல் அவளுக்குப் பின்னால்தான் இருந்தது. ஓடலாம். ஓடினால் இனி யாருமே இல்லை.

கைலியை எடுத்தாள். இத்தாவில் அத்தர் பூசக் கூடாது. இருந்தும் முகத்தில் தேய்த்தாள். கழுத்தில். கைகளில்.

சீறல் நின்றது. பூனைகள் வந்து அவள் காலை உரசின. அவள் கட்டிலில் தன் பக்கம் போய், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

கருப்பனின் முதுகு மயிர் அழுந்திப் படிந்தது. தலையிலிருந்து வால்வரை, மெதுவாக. பிறகு செவலை. பிறகு முறுக்குவால்.

பிறகு அவள் தலைமுடி.